எதிரே வருபவருக்கும் வழி காட்டும் விளக்கு

புஷ் அண்ட் முல்லர் நிறுவனத்தின் இக்சான் கோர் விளக்கை இந்த மார்கழி முழுக்க என் மவுன்டன் பைக்கில் மாட்டி ஓட்டினேன். 50 லக்ஸ் வெளிச்சம், கூடுதல் குறைவு என்று இரண்டே நிலை, யூஎஸ்பி சார்ஜ், ஸ்பேனர் இல்லாமல் கைப்பிடியில் மாட்டலாம் என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. நான் எழுத உட்கார்ந்தது ஒரே ஒரு விஷயத்துக்காக. இதன் வெளிச்சத்துக்கு உச்சியில் ஒரு கோடு உண்டு. கோட்டுக்குக் கீழே பாதை முழுக்கத் தெரிகிறது. கோட்டுக்கு மேலே இருட்டு அப்படியே இருக்கிறது. சைக்கிள் விளக்கில் இதைவிடப் பெரிய வசதி எதையும் நான் பார்த்ததில்லை.

அதன் அருமை சுத்துக்கேணியில் தெரியும். சங்கராபரணித் தண்ணீரை ஊசுடு ஏரிக்குக் கொண்டுபோகும் வாய்க்காலுக்கு இந்த ஊரின் பெயர்தான். பனிக்காலத்துச் சனிக்கிழமை இரவுகளில் நண்பர்கள் இங்கே கூடி, தார்ச் சாலையை விட்டு மண் பாதையில் இறங்குவோம். ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் சம்பா நெல். பருவமழை முடிந்த கையோடு டிராக்டர் ஓடிய தடம் ஆழமாகப் பதிந்திருக்கும். புதுச்சேரி எல்லை எங்கே முடிந்து விழுப்புரம் மாவட்டம் எங்கே தொடங்குகிறது என்று உள்ளூர்க்காரருக்கே பல இடத்தில் சட்டென்று சொல்ல வராது. தெருவிளக்கு கிடையாது.

ஆனால் ஆள் நடமாட்டம் உண்டு. மோட்டார் போட்டுவிட்டு வரும் விவசாயி, மாட்டைத் தேடிப் போகிறவர், விளக்கே இல்லாத பழைய சைக்கிளில் வீடு திரும்பும் கொத்தனார். இவர்கள் இருட்டிலேயே நடந்து பழகியவர்கள். மனிதக் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக அரைமணி நேரம்கூட ஆகும். அதைக் கெடுக்க ஒரு நொடி வெளிச்சம் போதும். வாய்க்கால் ஓரம் நடக்கிறவரின் முகத்தில் விளக்கை அடித்துவிட்டுப் போனால், நாம் போன பிறகும் அவருக்குப் பாதை தெரியாது. பக்கத்தில் தண்ணீர் ஓடுகிறது. பொழுதுபோக்குக்காக இரவில் சைக்கிள் ஓட்டுகிற நாம், வேலை முடித்து வருகிறவரின் கண்ணைப் பறிப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

இக்சான் கோர் இதை ஒரு கண்ணாடியால் தீர்த்திருக்கிறது. சாதாரண விளக்கில் எல்இடி நேராக முன்னே பார்க்கும். இதில் அது உள்ளே வளைந்த பிரதிபலிப்பானைப் பார்த்து இருக்கிறது; அங்கே பட்டுத் திரும்பும் ஒளிதான் சாலைக்கு வருகிறது. எந்தக் கதிர் எங்கே விழவேண்டும் என்பதை அந்த வளைவு முடிவு செய்கிறது. ஜெர்மனியின் மைனெர்ட்ஸ்ஹாகனில் 1925 முதல் இயங்கும் நிறுவனம் இது. அந்த நாட்டுச் சாலை விதி கறாரானது: 10 மீட்டர் தூரத்தில் நடுப்பகுதியில் குறைந்தது 10 லக்ஸ் வேண்டும், அதிலிருந்து 3.4 டிகிரி மேலே போனால் 2 லக்ஸுக்கு மேல் இருக்கக் கூடாது. சோதனையில் தேறிய விளக்கில் அலைக்கோடும் கே எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். வாங்கும்போது நான் முதலில் தேடுவது அந்த முத்திரையைத்தான்.

நம் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான விளக்குகள் கைப்பிடியில் கட்டிய டார்ச் லைட்டுகள். பெட்டியில் ஆயிரக்கணக்கில் லூமென் கணக்கு. லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த ஒளி. தென்னை ஓலைக்குப் போனதும் எதிராளி கண்ணுக்குப் போனதும் அதில் சேர்த்திதான். சாலைக்கு எவ்வளவு வந்தது என்பதை லக்ஸ்தான் சொல்லும். என்னை இன்னும் எரிச்சலூட்டுவது அந்த ஒற்றைப் பொத்தான். எதிரே ஆள் வருகிறார், வெளிச்சத்தைக் குறைக்கலாம் என்று அழுத்தினால் இரண்டு மூன்று விதமான மின்னலைத் தாண்டித்தான் குறைந்த வெளிச்சம் வரும். மரியாதைக்காக அழுத்திய பொத்தான் அவர் முகத்தில் பட்பட்டென்று மின்னுகிறது. லாரிக்காரருக்கு டிம் அடிக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் அது கிடைக்கவேண்டும். ஜெர்மன் விதியில் முன்விளக்கு மின்னவே கூடாது. அதனால் இக்சான் கோரில் அந்தத் தொல்லை அறவே இல்லை.

கோடு எதிராளிக்கு மட்டும் உதவவில்லை, எனக்கும்தான். தாழ்வாக, சாய்வாக வரும் ஒளியில் பள்ளத்துக்கும் கல்லுக்கும் நீளமாக நிழல் விழுகிறது. மேடு எது குழி எது என்று அந்த நிழலே சொல்லிவிடும். ஹெல்மெட்டில் மட்டும் விளக்கு வைத்திருப்பவருக்கு இந்த வசதி இல்லை. ஒளியும் கண்ணும் ஒரே உயரத்தில் இருப்பதால் நிழலெல்லாம் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், பாதை தட்டையாகத் தெரியும். பனி இறங்கினால் இன்னும் மோசம். கண்ணுக்கு முன்னாலேயே வெள்ளைத் திரை கட்டிவிடும். தேங்கிய தண்ணீர் ஒளியை முன்னோக்கி வழுக்கிவிடுவதால் நம் கண்ணுக்குக் கருப்பாகத் தெரியும், காய்ந்த மண் வெளுப்பாகத் தெரியும். கருப்பை விட்டு விலகிப் போ என்பதுதான் புதிதாக வருகிறவருக்கு நாங்கள் சொல்லும் முதல் பாடம்.

குறை இல்லாமல் இல்லை. அது கோடு போட்ட எல்லா விளக்குக்கும் பொது. தலைக்கு மேலே இருப்பது தெரியாது. சாலைக்கென்று வகுத்த விதி, கருவேலங்கிளை தாழ்ந்து தொங்கும் வரப்பை நினைத்து எழுதப்பட்டதல்ல. மரம் அடர்ந்த இடத்தில் ஹெல்மெட்டில் சின்னதாக ஒரு விளக்கு துணைக்கு வேண்டும். ஆள் தெரிந்தவுடன் அதை அணைத்துவிட வேண்டும். வேகமாக வளைந்து திரும்பும்போது சைக்கிள் சாயும், கோடும் கூடவே சாயும்; உள்பக்கம் சற்று இருண்டுபோகும். மண் பாதையில் பறக்க நினைப்பவருக்கு இது ஒன்று மட்டும் போதாது.

சவாரி முடிவது சாலையோரத்து பார் ஒன்றில். ஆம்லெட்டும் மீன் வறுவலும் வருவதற்குள் பின்பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரில் எங்கள் விளக்குகளைச் சோதித்துவிடுவோம். பத்துப் பெரிய எட்டு தள்ளி சைக்கிளை நிறுத்தி ஒவ்வொன்றாகப் போட்டோம். நண்பனுடைய டார்ச் சுவர் நடுவே வட்டமாகக் கொளுத்தியது; மிச்சமெல்லாம் சுவரைத் தாண்டி வேப்பமரத்துக்கு ஏறிவிட்டது. இக்சான் கோர் சுவரின் அடிப்பாகத்தில் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஒரு கோடு போட்டது. கோட்டை ஒட்டி அதிக வெளிச்சம், கீழே வரவரக் குறைவு. சுவரில் ஏற்றத்தாழ்வாகத் தெரியும் இந்த ஒளிதான் பாதையில் ஒரே சீராக விழுகிறது. தூரத்துக்குப் போகிற ஒளி அதிகமாகவும், சக்கரத்துக்கு முன்னே விழுவது குறைவாகவும் இருந்தால்தான் பாதை சமமாகத் தெரியும்.

வழியில் எங்களுக்கு எதிரே வந்த பெரியவர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். என் விளக்கைக் காட்டி, "தம்பி, இது வந்தா மட்டும் நான் கால எங்க வெக்கிறேன்னு எனக்குத் தெரியுது. அதுங்கல்லாம் வந்தா நின்னுட வேண்டியதுதான்" என்றார். இதைவிட நல்ல சோதனை முடிவு எந்த ஆய்வுக்கூடமும் தராது. குடித்தவர் சைக்கிள் ஏறக்கூடாது என்பது எங்கள் கூட்டத்தின் சட்டம். அவர்களும் அவர்கள் சைக்கிளும் குட்டியானையில் வீடு போய்ச் சேர்வார்கள். பன்னீர் சோடாவோடு நிறுத்திக்கொண்டவர்கள் ஊசுடு பக்கமாக ஓட்டித் திரும்புவோம். புதுச்சேரி அரசு 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி அது. வலசை வந்த வாத்துகள் தங்கும் மாதங்கள் இவை. சாலையோடு நின்றுவிடும் வெளிச்சம் அங்கேயும் முக்கியம்.

வாங்கலாமா? விலை நம் ஊர் டார்ச்சைவிடப் பல மடங்கு, பக்கத்துக் கடையிலும் கிடைக்காது. எனக்கு பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பனின் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்தார். மண் பாதையிலும் கிராமச் சாலையிலும் இரவில் அடிக்கடி ஓட்டுகிறவருக்கு அந்த விலை தகும். வாங்க முடியாதவர்கள் இருக்கிற விளக்கைக் கீழே சாய்த்து, நடுவட்டம் ஐந்தாறு மீட்டரில் தரையில் விழும்படி வையுங்கள், கண்ணாடியின் மேலே கருப்புத் தகட்டில் சின்னக் கூரை போடுங்கள், மின்னலை மறந்துவிடுங்கள். இந்தியாவில் இத்தனை சைக்கிள் விற்கும் நிறுவனங்கள் கோடு போட்ட ஒரு விளக்கை ஆயிரம் ரூபாய்க்குள் தர முடியாதா? அதற்குத் தேவை ஒரு வளைந்த கண்ணாடி மட்டும்தான். அப்படி ஒன்று வரும் நாளில் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் நானே வாங்கித் தருகிறேன்.