இடுகுறி என்ற சமாதானம்

இணைய முகவரிப் பெயர்களுக்கு அர்த்தம் வேண்டுமா என்ற கேள்வியைத் தொழில்நுட்பக்காரர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் என்ன உறவு என்று நமக்குள் நடந்துவரும் சண்டைதான் அங்கேயும் நடக்கிறது.

1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டொமைன் பெயர் முறையை வகுத்தார். எண்களை மனிதனால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது, அதற்காகப் பெயர்கள். யந்திரம் அதற்குமேல் கேட்பதில்லை. ஆகவே பெயர் வெறும் சீட்டு, அதில் அர்த்தம் தேடுவது அசட்டுத்தனம் என்பது ஒரு கட்சி. பெயர் உள்ளதைச் சொல்ல வேண்டும், இல்லையேல் பொய் என்பது எதிர்க்கட்சி. நன்னூலார் பாஷையில், முன்னவர்களுக்கு எல்லாம் இடுகுறி. பின்னவர்களுக்கு எல்லாம் காரணப்பெயர்.

இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. '.ஐஓ' என்ற ஈற்றைப் பார்ப்போம். கணிப்பொறிக்காரர்களுக்கு அது உள்ளீடு, வெளியீடு என்பவற்றின் சுருக்கம்; அதனாலேயே விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் அது பிரிட்டிஷ் இந்துமாக்கடல் பிரதேசத்துக்கு உரிய ஈறு. சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிலிருந்து பிரித்து 1965இல் பிரிட்டன் உண்டாக்கிய பிரதேசம் அது. டியகோ கார்ஷியாவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைவதற்காக, 1968க்கும் 1973க்கும் இடையில், தீவுகளில் வாழ்ந்த மக்கள் அனைவரும் அப்புறப்படுத்தப்பட்டார்கள். மக்கள் இல்லாத மண்ணின் பெயரில் இரண்டு எழுத்துகள் விலை போகின்றன.

சோவியத் யூனியனுக்கு 1990இல் '.எஸ்யு' கிடைத்தது. மறு ஆண்டே நாடு கலைந்தது. அதற்குப் பிறகும் அந்த ஈற்றில் பதிவுகள் தொடர்ந்தன.

காரணம் போன பின்னும் பெயர் நிற்கிறது என்பதால் அது இடுகுறியாகிவிடுமா? மறதியைத்தான் நாம் இடுகுறி என்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெயர் வைத்தவனின் உத்தேசத்தில் அர்த்தம் இல்லை, யந்திரத்திலும் இல்லை. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே ஈறுகள் உண்டு. பெயர்முறைக்குள் போகும்போது அவை வாயில் நுழையாத ரோமன் எழுத்துக் கோவையாகிவிடுகின்றன. தமிழ் என்பது வாசிக்கிற நம்மிடம் மட்டுமே இருக்கிறது. அர்த்தமும் அப்படித்தான். அது வாசகனின் பொறுப்பு.

ஒரு முகவரி வாங்குகிற இளைஞன் சாகோஸின் துயரத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமா என்று கேட்கலாம். அவன் பெயரை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்த பிறகும் 'வெறும் சீட்டுதானே' என்று சித்தாந்தம் பேசுவதைத்தான் மறுக்கிறேன். எல்லாப் பெயரும் அர்த்தம் சுமந்தாக வேண்டும் என்று சட்டம் போட வேண்டியதில்லை. புழங்கப் புழங்க அது தானாக ஏறிக்கொள்கிறது.

கவிதையில் சொல் வெறும் ஓசை, வெறும் உருவம் என்று வாதிக்கும் நம் நண்பர்களுக்கும் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். சொல்லைக் காலி செய்துவிட்டதாக அறிவிக்குமுன், அதில் யார் குடியிருந்தார்கள் என்று விசாரிக்க வேண்டும்.