ஹெரோக்குவைக் கெடுத்தது யார்?

"சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்கித்தான் ஹெரோக்கு கெட்டுது"ன்னு பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். தேதிகளைப் பார்த்தால் அப்படித் தெரியலை. 2007இல் மூன்று பேர் ரூபிக்காகத் தொடங்கியது, 2010 டிசம்பரில் 21.2 கோடி டாலருக்குக் கைமாறியது. நோட், ஜாவா, பைத்தான் எல்லாம் அங்கே ஓட ஆரம்பித்தது அதற்கடுத்த வருடம்தான்!

சிக்கல் வேறு. சர்வர்கள் அமேசானுடையவை. ஹெரோக்கு விற்றது, 'கிட் புஷ்' அடித்தால் தளம் ஓடும் என்கிற சௌகரியத்தை. 2013இல் டாக்கர் வந்ததும், கொஞ்சம் மெனக்கெட்டால் அதை நாமே கட்டிக்கொள்ளலாம் என்றானது. ஹெரோக்கு விலை உறுத்த ஆரம்பித்தது.

2022 நவம்பரில் இலவசத் திட்டத்தை நிறுத்தினார்கள். மோசடிப் பயன்பாடு அதிகமாம். இருக்கலாம். ஆனா காலேஜ் பிராஜெக்ட்டை அங்கே ஏற்றிப் பழகினவன்தானே பிறகு ஆபீஸில் அதைச் சிபாரிசு செய்தான்?