மருமகனாக வரும் வேடன்

காரைக்கால் பக்கத்தில் கதை என்றாலே எல்லாரும் மாங்கனித் திருவிழாவைத்தான் சொல்வார்கள். ஆனிப் பௌர்ணமியில் மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கிற அழகை நானும் மறுக்கவில்லை. ஆனால் அங்கே கதையைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். என் மனம் நிற்பது திருவேட்டக்குடி மாசி மகத்தில். அந்தக் கடற்கரையில் எல்லாரும் கதைக்கு உறவுக்காரர்கள்.

அர்ச்சுனனைச் சோதிக்க வேடனாய் வந்த சிவனை யார்தான் சொல்லவில்லை? பாரவி வடமொழியில் காவியமாக்கினார். வில்லிபுத்தூரார் தவநிலைச் சருக்கம் பாடினார். தெருக்கூத்தில் இன்றும் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுகிறான். ஆனால் இவையெல்லாம் அர்ச்சுனன் கதைகள். தவம், பன்றி, சண்டை, பாசுபத அஸ்திரம் என்று ஓடும். கூட வேட்டுவச்சியாய் வந்த அம்பாள் ஓரமாக நிற்பாள். திருவேட்டக்குடிக்கு அவள்தான் முக்கியம். மற்ற ஊர்களில் தீர்த்தவாரிக்கு அஸ்திரதேவர் போவார். இங்கே வில்லேந்திய வேடரூபர் புறப்படுகிறார், பக்கத்தில் வேட்டுவச்சி. அம்பாள் மீனவர் வீட்டில் பிறந்தவள், ஐயன் வேடனாய் வந்து கைப்பிடித்தார் என்பது கரையோரத்துக் கதை. அப்படியானால் அன்று நடப்பது வெறும் கடலாட்டு அல்ல, மகள் பிறந்தகம் வருகிறாள். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த அம்பாளைப் பாருங்கள், அவள் நிற்கிற நிலையே வேறாகத் தெரியும்.

மலைக்காட்டு வேடனும் கடற்கரை மருமகனும் எப்படிப் பொருந்தும் என்று தலபுராணம் படித்த நண்பர்கள் கேட்பார்கள். பொருத்தியவர்கள் அந்த மக்கள். மகாபாரதத்தில் தங்களுக்கு இல்லாத இடத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். சம்பந்தரின் மூன்றாம் திருமுறைப் பதிகத்தைப் புரட்டுங்கள். திமிலேறி வலை வீசி மீன் வாரி வருகிறவர்கள் அதிலேயே இருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டிலும் மீனவரை விட்டுவிட்டு இந்தச் சாமியைப் பாட முடியவில்லை.

தெற்கே திருமலைராயன்பட்டினத்திலும் இதே மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாளை மீனவர்கள் மாப்பிள்ளை என்றே வரவேற்கிறார்கள். தங்கள் குலத்துப் பெண் பத்மினியைக் கொடுத்த வீடு அல்லவா! காரைக்காலுக்கு 1739இல் வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் போய்விட்டார்கள். பெருமாள் இன்றும் தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரி எல்லை தாண்டித்தான் மாமனார் வீட்டுக்கு வருகிறார்.

எனக்கு வருத்தமெல்லாம் இப்போதைய ஒலிபெருக்கி வர்ணனைகளைப் பற்றித்தான். அஸ்திரம் வாங்கிய கதையை அவசரமாகச் சொல்லி, அடுத்து உபயதாரர் பெயர்களுக்குப் போய்விடுகிறார்கள். வேட்டுவச்சி யார் வீட்டுப் பெண் என்ற பேச்சே இல்லை. மணலில் உட்கார்ந்திருக்கும் வயதான பெண்களுக்கு அது தெரியும். அவர்களிடம் யாரும் மைக்கை நீட்டுவதில்லை. பேரப்பிள்ளைகளோ கைபேசியில் படமெடுப்பதில் இருக்கிறார்கள்.

அடுத்த மாசி மகத்துக்குப் போகிறவர்கள் அந்தப் பெண்களிடம் போய் உட்காருங்கள். "அம்பாள் யாரு வீட்டுப் பொண்ணு ஆயா?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி வையுங்கள்.