வெறுப்பும் உவர்ப்பும்

ஒரு சொல்லின் பொருள் மயங்கின், அச்சொல்லாற் குறிக்கப்படும் ஒழுக்கமும் மயங்கும். சமயப் பொருளைப் பலர்க்கும் விளங்க வைக்கப் புகுந்த உரைநடை நூல்கள் சிலவற்றில் வெறுப்பு என்னும் சொல் இங்ஙனம் மயங்கி நிற்கின்றது. துறவாவது உலகை வெறுத்தல் என்று எழுதுவாரும், வைராக்கியம் என்பதற்கு வெறுப்பு என்றே மொழிபெயர்ப்பாரும், பிற கொள்கையை வெறுத்தலே பத்தியின் உறுதி என்பாரும் உளர். இம்மூன்றும் ஒரு பிழையின் மூன்று கிளைகளாம். அப்பிழை சொல்லளவில் நின்றுவிடுவதன்று. சித்தாந்தம் பந்தம் என விலக்கியதனை வீட்டு நெறியென ஏற்கச் செய்வது. ஆதலின் அச்சொல்லின் வரலாற்றையும் ஆட்சியையும் ஆராய்தல் வேண்டற்பாலது.

தொல்காப்பியத்து உரியியல் வெறுப்பு என்னும் உரிச்சொற்குச் செறிவு என்றே பொருள் கூறும். இப்பொருள் பற்றியே வெறுக்கை என்பது செறிந்த செல்வத்தைக் குறிப்பதாயிற்று. திருக்குறளில் அச்சொல் அப்பொருளில் வழங்குகின்றது. அந்நூலிலேயே, மன்னரைச் சேர்ந்தொழுகல் என்னும் அதிகாரத்தில், வெறுப்பு என்பது விரும்பப்படாமை என்னும் பொருளிலும் வந்துள்ளது. ஆகவே இரு பொருளும் பழமையுடையனவே. மிகுதி தெவிட்டலுக்கு ஏதுவாதல் உலகியல்பு. நிறைய உண்டான் ஒருவன் பின்னும் இடப்பட்ட இனிப்பை நோக்கி முகஞ்சுளித்தலைக் காண்பார்க்கு, செறிவும் வெறுப்பும் ஒரு சொல்லில் அமைந்தமை வியப்பாகாது.

இனி, வெறுப்போடு ஒருங்கு வைத்து எண்ணப்படும் பிற சொற்களை நோக்குக. வெகுளி ஒரு காரணம் பற்றித் தோன்றி, அது நீங்கத் தானும் நீங்குவது. செற்றமோ நெஞ்சில் நெடுங்காலம் நிலைபெறும் பகைமை. பதினோராந் திருமுறையுட் சேர்ந்த திருமுருகாற்றுப்படை, ஆவினன்குடிக்கண் முருகனை வழிபடச் செல்லும் முனிவரைக் கூறுமிடத்து, இச்செற்றம் நீங்கிய மனத்தை அவர்க்கு இலக்கணமாக்கியது கருதத்தக்கது. பொருளின்மேலாயினும் பிறர்மேலாயினும் நிலைத்து நிற்கும் வெறுப்பு செற்றத்தோடு ஓரினமாவதன்றித் துறவோடு ஓரினமாவதன்று.

இதனைத் தத்துவ முறையானும் தெளியலாம். முப்பத்தாறு தத்துவங்களுள் அராகம் வித்தியா தத்துவங்களில் ஒன்றாக எண்ணப்பட்டது. வெறுப்புக்கெனத் தனித் தத்துவம் எண்ணப்பட்டிலது. ஒன்றினை விரும்பினான் அதற்கு மாறாயதனை வெறுப்பான். விருப்பம் இல்வழி வெறுப்புக்கு நிலைக்களன் இல்லை. மெய்யுணர்தல் அதிகாரத்து இறுதிக் குறளின் உரையிற் பரிமேலழகரும், விரும்பிய பொருளின்கண் செல்லும் ஆசையையும், அதன் மறுதலைக்கண் செல்லும் கோபத்தையும், ஒன்று பற்றி ஒன்று வருவனவாகத் தொடர்புபடுத்திக் காட்டினார். எனவே, பொன்னை வெறுக்கின்றேன் என்பானுக்குப் பொன்னோடு உள்ள தொடர்பு அறவில்லை. அத்தொடர்பு முகம் மாறி நிற்கின்றது, அவ்வளவே.

வைராக்கியம் என்னும் வடசொல்லும் இக்கருத்தையே வலியுறுத்தும். அது விராகம் என்பதன் அடியாகப் பிறந்தது. இராகம் நீங்கிய நிலை என்பது அதன் பொருள். பகையைக் குறிக்கும் வைரம் என்னும் சொல்லோடு அதற்கு யாதோர் இயைபும் இல்லை. அற்றாகவும், ஒலியொப்புமையால் மயங்கி, விடாப்பிடியையும் உள்ளடக்கிய பகையையும் வைராக்கியம் என உலகத்தார் வழங்குவாராயினர். வழக்கில் வந்த இப்பிறழ்ச்சி சமய நூலினுள்ளும் புகுதல் தகாது. இராகம் நீங்கிய நிலைக்கு அவ்விராகத்தின் மறுபுறமாகிய வெறுப்பையே பெயராக இடுதல், நோய் நீங்கியமைக்கு நோயின் பெயரையே இடுதல் போலும்.

அற்றேல், உயிர் உலகப் பயன்களினின்று விலகும் நிலையைக் குறிக்கத் தமிழிற் சொல் இல்லையோ எனின், உண்டு; அது உவர்ப்பு என்பது. 1785-ல் இறைவனடி சேர்ந்த சிவஞான முனிவர் இருவினையொப்பை விளக்குமிடத்து ஆண்ட சொல் இதுவே. நல்வினைப் பயனில் விருப்பும் தீவினைப் பயனில் வெறுப்பும் கொள்ளுதல் உலகத்தார் இயல்பு. அவ்விரண்டும் ஒழிந்து, இருவகைப் பயனும் ஒருபடித்தாக உவர்த்து நிற்றலே ஒப்பு எனப்படும். அதன்வழி மலபரிபாகமும் சத்திநிபாதமும் கூடும். தீயதனை மட்டும் வெறுத்து நல்லதனை விரும்பும் வரையில் ஒப்பு நிகழாது என்பது இதனாற் பெறப்படும். வெறுப்பு இரண்டனுள் ஒன்றைத் தள்ளி மற்றொன்றைக் கொள்வது. உவர்ப்பு இரண்டினையும் ஒக்கக் கடப்பது.

உவர் என்பது உப்பின் சுவை. நீர்வேட்கையுடையான் கடற்கரையில் நிற்பினும் கடல்நீரைப் பருகான். அது பற்றிக் கடலொடு பகை கொள்வானும் அல்லன். தன் வேட்கையைத் தணிக்க அது உதவாது என்னும் அறிவே அவனை விலக்கிற்று. உவர்ப்பு என்னும் சொல்லின்கண் இவ்வறிவு அடங்கிக் கிடத்தலின், அதுவே துறவுக்கு உரிய சொல்லாயிற்று.

உலகை வெறுத்தல் சித்தாந்திக்குப் பொருந்தாமைக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. தநு கரண புவன போகங்கள், ஆணவ இருளிற் கிடந்த உயிர்க்கு விடியுங்காறும் உதவும் விளக்குப் போல, இறைவன் அருளாற் கூட்டப்பட்டவை. கதிரவன் எழுந்தபின் விளக்கை அணைத்து ஒருபால் வைப்பர். அதனைச் சினந்து உடைப்பார் இலர். திருமூலர், உடம்பை இழுக்கெனக் கருதிய தம் முன்னை நிலையையும், அதனுள் உறுபொருளைக் கண்டபின் அதனை ஓம்பிய நிலையையும் ஒருங்கே கூறியருளினார். அப்பரடிகள் கூத்தப்பெருமானது எடுத்த பாதத்தைக் காணப்பெறின் மனிதப் பிறவியும் வேண்டத்தக்கதே என்றருளினார். உடலின் இழிவை விரித்துரைக்கும் திருமுறைப் பகுதிகள் உடலின்மேல் வைத்த பற்றினை அறுத்தற்கு எழுந்தனவே. உடலைப் பகைத்தற்கு எழுந்தன அல்ல.

தீவினையையேனும் வெறுத்தல் வேண்டாவோ எனின், திருவள்ளுவர் அதிகாரங்கட்கு இட்ட பெயர்களே விடை கூறும். தீவினைக்கு அச்சத்தைக் கூறினார். புலாலுக்கு மறுத்தலைக் கூறினார். அவாவுக்கு அறுத்தலைக் கூறினார். வெறுத்தல் என்று யாண்டும் அதிகாரப் பெயர் அமைத்திலர். அஞ்சுவான் தன்னைக் காக்கின்றான், மறுப்பான் விலகுகின்றான், வெறுப்பானோ தான் வெறுத்த பொருளையே ஓயாது நினைந்திருக்கின்றான்.

பிற கொள்கையை வெறுத்தல் பத்தியாம் என்பார் மறுப்புக்கும் வெறுப்புக்கும் உள்ள வேற்றுமையை அறியாதார். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்துள் உலகாயதம் முதற் பாஞ்சராத்திரம் ஈறாகப் 14 மதங்களையும் எடுத்து, ஒவ்வொன்றன் கொள்கையையும் முதற்கண் நிறுவிய பின்னரே மறுத்தார். வெறுப்பவன் எதிரியின் சொல்லைக் கேளான். மறுப்பவன் கேளாது மறுத்தல் இயலாது. உமாபதி சிவாசாரியார் சகம் 1235 (கி. பி. 1313) எனக் காலங்குறித்து அருளிய சங்கற்ப நிராகரணமும் தன் பெயராலேயே நிராகரணம், அஃதாவது மறுப்பு, எனப்பட்டது.

எறிபத்தர் சினந்து யானையையும் பாகரையும் கொன்றாரன்றோ எனின், அது வெகுளியே. சிவகாமியாண்டாரது பூங்கூடை சிதைந்தமை பற்றி அது எழுந்தது. அக்குற்றத்துக்குத் தம்மையும் கொல்லுமாறு புகழ்ச்சோழர் தம் வாளை நீட்டிய அப்பொழுதே அவ்வெகுளி மாய்ந்தது. அவ்வாளை வாங்கித் தம் கழுத்தையே அரியப் புகுந்தார் அவர். ஒரு கணத்தில் இங்ஙனம் அன்பாக மாறவல்லது வெறுப்பு ஆகாது. திருக்கோவலூரில் திருவேடத்தில் வந்து தம்மைக் குத்திய முத்தநாதனை ஒருவரும் தீண்டாவாறு காத்து, ஊரெல்லை கடந்து விட்டு வருமாறு தத்தனை ஏவிய மெய்ப்பொருள் நாயனாரது வரலாறோ, வெறுப்பு எழுதற்கு முழுக் காரணமும் இருந்த இடத்தில் அது சிறிதும் எழாமையைக் காட்டும்.

ஆகலின் எழுதுவோர் இவ்வரையறையைக் கைக்கொள்ளுதல் நலம். விருப்பின் எதிராய், உயிரைப் பிணிக்கும் குணத்தைக் கூறுமிடத்து வெறுப்பு என்க. பக்குவமுற்ற உயிர் இருவினைப் பயனினின்றும் விலகுதலைக் கூறுமிடத்து உவர்ப்பு என்க. பிறர் கொள்கையை ஆராய்ந்து தள்ளுதலை மறுப்பு என்க. தீமையினின்று தன்னைக் காத்தலை அச்சம் என்க. உலகை வெறுத்தேன் என்று உரைப்பானை நோக்கி, இன்னும் எதனை விரும்புகின்றாய் என வினவுதல் தகும். உலகம் உவர்த்தது என்பானுக்கு அவ்வினா வேண்டா. கடல்நீரை விடுத்தவன் நன்னீர் உள்ள இடம் நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டான்.