மூளைப் படமும் வஸ்வாஸும்

ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயைப் பொதுவாசகருக்கு விளக்கும் ஜெஃப்ரி ஷ்வார்ட்ஸின் 'பிரெய்ன் லாக்' 1996இல் வெளிவந்தது. கழுவிய கையை மீண்டும் கழுவத் தூண்டும் எண்ணம் நோயாளியின் குணமன்று, அவரது மூளை அனுப்பும் பொய்ச் செய்தியே என்கிறது நூல். இந்த ஆறுதல் சிறிதன்று. வுழூவில் நீர் படாத இடம் உண்டோ என ஐயுற்று, ஜமாஅத் முடிந்த பின்னும் ஹவ்ளருகே அமர்ந்திருப்பவரை நாம் கண்டிருக்கிறோம். அவரைப் பேணுதல் மிக்கவர் என்று புகழ்வோரும், ஈமான் குன்றியவர் என்று இகழ்வோரும் இந்நூலை வாசிக்க வேண்டும்.

எனினும் நூல் காட்டும் சான்று, நூல் சொல்வதைவிட வேறொன்றை உரத்துச் சொல்கிறது. பாக்ஸ்டர், ஷ்வார்ட்ஸ் முதலானோர் லாஸ் ஏஞ்சலிஸில் நடத்தி 1992இல் வெளியிட்ட ஆய்வே அதன் முக்கிய ஆதாரம். மூளையின் பகுதிகள் செலவிடும் குளுக்கோஸைக் காட்டும் 'பெட்' படங்களை அவர்கள் எடுத்தனர். 9 பேருக்கு ஃப்ளூஆக்ஸெடின் மருந்தும், வேறு 9 பேருக்கு நடத்தைச் சிகிச்சையும் தரப்பட்டன. ஏறத்தாழ 10 வாரங்களில் நலமடைந்தோரிடம், இரு குழுவிலும், 'காடேட்' எனும் பகுதியின் வலப்புறச் செயல்வேகம் தணிந்திருந்தது. மாத்திரை செய்ததைப் பயிற்சியும் செய்தது.

அவ்வாறாயின் மூளை, நமக்கு வெளியே நின்று பொய்யனுப்பும் அந்நியன் ஆகுமா? மனம் மூளையை மாற்றும் என்பது ஷ்வார்ட்ஸின் கொள்கையேதான். ஆயினும் பழியை மூளைமீது சாட்டும் அவரது இரண்டாம் படியை அப்படங்கள் நிறுவவில்லை. எண்ணம் எழும்போது கால் மணி நேரம் வேறு செயலில் ஈடுபடச் சொல்லும் மூன்றாம் படிக்கே அவை வலுச்சேர்க்கின்றன.

மேலும், அந்த ஆய்வு சிறியது. 1,830 நோயாளரையும் 1,759 நலமுடையோரையும் ஒப்பிட்டு 2017இல் வெளியான 'எனிக்மா' ஆய்வு, மூளையின் உட்பகுதிகளின் செயலை அன்றி அளவையே நோக்கியது. அதில் கிடைத்த வேறுபாடுகள் மிகச் சிறியவை. படத்தை மட்டும் கொண்டு ஒருவரின் நோயை இன்றும் உறுதிசெய்ய இயலாது. மருத்துவர் அவரிடம் பேசியே அறிகிறார்.

கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, சினம், அச்சம், துயரம் ஆகியவற்றோடு வஸ்வாஸையும் உளப்பிணியாக வைத்து எழுதினார். அவரே காடேட்டையும் கண்டறிந்தார் என்று பெருமைபேசும் எமது வழக்கம் இங்கு வேண்டாம். தனிமையையும் வேலையின்மையையும் தவிர்க்கச் சொன்ன அவரது அறிவுரை, ஷ்வார்ட்ஸின் மூன்றாம் படிக்கு அண்மையில் நிற்கிறது. அவருக்கு அதைச் சொல்லப் படம் எதுவும் தேவைப்படவில்லை.