அந்தமான் வீடுகளில் எல்.இ.டி. விளக்குக்கு டிம்மர்

இந்திய நேரத்தைத் தீர்மானிக்கும் தீர்க்கரேகைக்கு ஏறத்தாழ 10 பாகை கிழக்கே அந்தமான் அமைந்திருப்பதால், நவம்பர் இறுதியில் அங்கு மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்து, உறங்கும் வரை ஐந்தாறு மணி நேரம் விளக்கெரிய வேண்டியிருக்கிறது. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிட்ச் அவ்வீடுகளில் வெறும் ஆடம்பரம் அன்று. ஆனால் மலிவான டிம்மர்களில் பல குண்டு பல்புக்காக உருவானவை. டிரையாக் என்னும் மின்னணு உறுப்பால் மாறுமின்னோட்டத்தின் ஒவ்வோர் அரைச்சுற்றிலும் தொடக்கப் பகுதியை வெட்டும் அவ்வகை, 40 வாட் போன்றதொரு குறைந்தபட்சச் சுமையை எதிர்பார்ப்பதுண்டு. 9 வாட் எல்.இ.டி. பல்புகள் நான்கு சேர்ந்தாலும் 36 வாட்தான் என்பதால் விளக்கு சிமிட்டுகிறது, டிம்மர் ரீங்கரிக்கிறது. விலை கூடினாலும், அரைச்சுற்றின் இறுதிப் பகுதியை வெட்டும் பின்விளிம்பு வகையே எல்.இ.டி.க்குப் பொருந்துகிறது.

எனினும் குறை முழுவதையும் சுவிட்சின்மேல் சுமத்துவது நியாயமன்று. சாதாரண எல்.இ.டி. பல்பினுள் இருக்கும் டிரைவர் என்னும் மின்சுற்று, வரும் மின்னழுத்தம் மாறினாலும் ஒளியை ஒரே நிலையில் வைத்திருக்க முயல்கிறது. பெருநிலத்து மின்தொகுப்போடு இணையாமல் டீசல் மின்நிலையங்களைப் பெரிதும் நம்பியிருக்கும் தீவுகளில், அழுத்தம் ஏறி இறங்கும்போது கைகொடுக்கும் அப்பண்பே டிம்மருக்குப் பகையாகிறது. ஆகவே அட்டையில் 'டிம்மபிள்' என்று அச்சிட்ட பல்பை முதலில் தேர்ந்து, அதற்கேற்ற டிம்மரைப் பின்னர் வாங்குவதே முறை. தோற்றத்தில் ஒத்திருக்கும் மின்விசிறி ரெகுலேட்டர் இதற்கு மாற்றாகாது. மின்கட்டணம் வெகுவாகக் குறையும் என்பதும் மிகையே: 60 வாட் குண்டு பல்பு 9 வாட்டுக்கு இறங்கியபோதே சேமிப்பின் பெரும்பகுதி கிடைத்துவிட்டது.

பொருத்தும்போது எம்.சி.பி.யை இறக்கி, மின்சாரம் இல்லை என்பதை உறுதிசெய்த பின்னரே, விளக்குக்குச் செல்லும் ஃபேஸ் கம்பியின் இடையில் டிம்மரை இணைக்க வேண்டும். சில மாதிரிகள் நியூட்ரலையும் கேட்பதால், போர்டில் அது உண்டா என்று வாங்குமுன் பார்த்துக்கொள்வது நல்லது. உப்புக்காற்றில் இரும்புப் பெட்டி துருவேறும். செப்புக் கம்பி முனையில் பச்சைக் களிம்பு படர, இணைப்பு தளர்ந்து சூடேறும். பி.வி.சி. பெட்டியும் இறுக முடுக்கிய திருகுகளும் அங்கு டிம்மரின் தரத்துக்கு இணையாக முக்கியமானவை. குறைந்தபட்ச ஒளியை வரையறுக்கும் சிறு திருகு இருந்தால், சிமிட்டல் தொடங்கும் நிலைக்குச் சற்று மேலே அதை நிறுத்திய பிறகே மூடியைப் பூட்ட வேண்டும்.