ஐந்து கைப்பேசிகளும் ஒரு தேடலும்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இறுதியாண்டுக் குழு ஆய்வு எப்படி நடக்கிறது என்பது பெற்றோருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு டீம். அவர்களுக்கு ஒரு கைடு. இடையில் இரண்டு மூன்று ரிவ்யூ. கடைசியில் ரிப்போர்ட்டை பைண்டிங் செய்து எடுத்துக்கொண்டு ஒரு வைவா. இந்த ஆய்வுகளின் தலைப்புப் பட்டியலில் கூகுள் தேடுபொறிக்கு ஏறக்குறைய நிரந்தர இடம் உண்டு. கணினித் துறையில் அதன் தரவரிசை முறை, வணிகவியலில் அதன் விளம்பரச் சந்தை, இதழியலில் அது செய்திகளை வரிசைப்படுத்தும் விதம், நூலக அறிவியலில் மாணவர்களின் தேடல் பழக்கம் என்று துறைக்கேற்பத் தலைப்பு மாறும். இந்தப் பொருளை ஆராயக் குழுவைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பொருத்தம் எதில் இருக்கிறதோ, அதைத்தான் பெரும்பாலான குழுக்கள் முதல் வாரத்திலேயே கைவிட்டுவிடுகின்றன.

தலைப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. 2024 ஆகஸ்ட் 5 அன்று வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் ஓர் ஏகபோக நிறுவனம் என்றும் அந்த ஏகபோகத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகக் காத்துக்கொண்டது என்றும் தீர்ப்பளித்தார். அமெரிக்காவில் நடக்கும் தேடல்களில் ஏறத்தாழ 90 சதவீதமும், கைப்பேசித் தேடல்களில் ஏறத்தாழ 95 சதவீதமும் அதன் வழியாகவே போகின்றன என்று தீர்ப்பு பதிவுசெய்கிறது. கைப்பேசியிலும் பிரவுசரிலும் தன் தேடுபெட்டியே முதலில் நிற்க வேண்டும் என்பதற்காக 2021ஆம் ஆண்டில் மட்டும் ஆப்பிள் முதலான நிறுவனங்களுக்கு கூகுள் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். இதில் நமக்கு நேரடித் தொடர்புள்ள வழக்கும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி.காம் நிறுவனமும் ஜெய்ப்பூரின் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் 2012இல் கொடுத்த புகார்களின் பேரில், 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த ஆணையை எந்த மாணவரும் காசு கொடுக்காமல் இறக்கிப் படிக்கலாம். ஓர் இளங்கலை மாணவரின் கைக்கெட்டும் தூரத்தில் இவ்வளவு ஆவணங்களுடன் இருக்கும் ஆய்வுப் பொருள் அதிகம் கிடையாது.

ஆனால் நடப்பது வேறு. டீம் அமைந்த அன்று மாலையே ஒரு வாட்ஸ்அப் குரூப் உருவாகிறது. அதில் வரும் முதல் உருப்படியான செய்தி, ஆளுக்கொரு அத்தியாயம் என்ற பங்கீடு. ஒருவருக்கு நிறுவன வரலாறு, ஒருவருக்கு அல்காரிதம், ஒருவருக்கு வருமானம், ஒருவருக்கு நன்மை தீமை, எழுத விருப்பமில்லாதவருக்கு பிபிடி. அதன்பிறகு சப்மிஷனுக்கு முந்தைய இரவு வரை யாரும் யாருடைய பகுதியையும் படிப்பதில்லை. இப்படி வந்த ரிப்போர்ட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும். 1998இல் நிறுவனம் தொடங்கிய செய்தி மூன்று இடத்தில் வரும். சந்தைப் பங்கு இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு சதவீதம், நான்காம் அத்தியாயத்தில் வேறொரு சதவீதம். ஒன்று உலகக் கணக்கு, மற்றது அமெரிக்கக் கணக்கு என்பதை ஐந்து பேரில் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஐந்து தனித்தனிக் கட்டுரைகளை ஒரே அட்டைக்குள் தைத்துவிட்டு அதைக் கூட்டாய்வு என்கிறோம்.

பங்கீட்டுக்குப் பிறகு ஒவ்வொருவரும் செய்வது என்ன? கூகுளைப் பற்றி கூகுளிலேயே தேடுகிறார்கள். மேலே வந்த மூன்று நான்கு பக்கங்களைத் திறந்து, அவற்றில் இருப்பதைச் சுருக்குகிறார்கள். இப்போது முடிவுப் பக்கத்தின் உச்சியிலேயே ஏஐ சுருக்கமும் வந்துவிடுவதால் அந்தப் பக்கங்களைத் திறக்கும் வேலையும் பலருக்கு மிச்சம். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையை இங்கே நினைவுபடுத்த வேண்டும். மாணவர்களைக் கணினிமுன் அமர்த்தி, அவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவியால் பதிவுசெய்தார்கள். சிலருக்கு கூகுள் தந்த வரிசையை அப்படியே காட்டினார்கள். சிலருக்கு முதல் இரண்டு முடிவுகளை இடம் மாற்றினார்கள். வேறு சிலருக்கு பத்து முடிவுகளையும் தலைகீழாக அடுக்கினார்கள். பொருத்தமில்லாதது மேலே வந்தபோதும் மாணவர்களின் கிளிக் பெரும்பாலும் மேலே இருந்ததன் பக்கமே சாய்ந்தது. இடத்தைப் பார்த்துத்தான் நம்பினார்கள். கூகுளின் ஆதிக்கத்தை ஆராய வந்த குழு இதே பழக்கத்தோடு தகவல் திரட்டினால், ஆராயப்படும் நிறுவனம்தான் ஆய்வின் மூலங்களையும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது. இந்தச் சிக்கலை ரிப்போர்ட்டில் ஒரு பத்தியாவது பேசிய குழுக்கள் மிகக் குறைவு.

அடுத்தது அந்தக் கருத்துக்கணிப்பு. முதன்மைத் தரவு வேண்டும் என்று கைடு சொன்னதும் ஒரு கூகுள் ஃபார்ம் தயாராகிறது. 'கூகுள் உங்களுக்குப் பயனுள்ளதாக உள்ளதா?' 'ஒரு நாளில் எத்தனை முறை பயன்படுத்துகிறீர்கள்?' 'கூகுள் இல்லாத வாழ்க்கையைக் கற்பனை செய்ய முடியுமா?' லிங்க், வகுப்பு குரூப்புக்கும் விடுதி குரூப்புக்கும் போகிறது. நண்பர்கள் நட்புக்காக நிரப்புகிறார்கள். ஃபார்ம் தானாகவே வட்ட விளக்கப்படம் போட்டுக் கொடுத்துவிடுகிறது. அதன் கீழே படத்தில் உள்ள சதவீதத்தை வாக்கியமாக எழுதினால் தரவுப் பகுப்பாய்வு அத்தியாயம் முடிந்தது. பதில் முன்கூட்டியே தெரிந்த கேள்வியைத் தங்களைப் போன்றவர்களிடமே கேட்டுப் பெற்ற எண்கள் இவை. மாணவர்களிடம் சோம்பல் இருப்பதாக நான் இதைச் சொல்லவில்லை. ஆராய்ச்சி என்றால் கருத்துக்கணிப்புதான் என்று நாம் அவர்களைப் பழக்கியிருக்கிறோம்.

பேரை மட்டும் போட்டுக்கொள்பவர்களைப் பற்றிய புகார் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட ஆய்வு வரலாறும் உண்டு. பிரான்சின் வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான், கயிறு இழுப்பவர்களின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொருவரும் செலுத்தும் விசை குறைகிறது என்பதை 1913இல் வெளியிட்டார். 1979இல் அமெரிக்க உளவியலாளர் பிப் லாட்டனேயும் அவரது சகாக்களும் கைதட்டலையும் கூச்சலையும் வைத்து அதையே கண்டார்கள். அதே அணியினர் 1981இல் கண்டது நமக்கு இன்னும் முக்கியமானது: ஒவ்வொருவரின் பங்கும் தனியாகத் தெரியும் என்று சொன்னதும் அந்தச் சுணக்கம் மறைந்துவிட்டது.

இதை நம்பி, சில ஆசிரியர்கள் கூகுள் டாக்ஸில் யார் எதை எப்போது தட்டச்சு செய்தார்கள் என்ற பதிவைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வீட்டில் லேப்டாப் இருப்பவர்தான் தட்டச்சு செய்கிறார். விடுதியில் இரவில் கைப்பேசி அனுமதிக்கப்படாத மாணவி நோட்டில் எழுதிக்கொடுத்ததை இன்னொருவர் தன் கணக்கில் ஏற்றியிருப்பார். பதிவில் அவள் பெயரே இருக்காது. யாருடைய யோசனையால் ஆய்வு திசைமாறியது என்பதும் அதில் தெரியாது. ஒருவரின் பங்கை அறிய, ஐந்து பேரையும் தனித்தனியே அழைத்து, தான் எழுதாத அத்தியாயத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டால் போதும். பத்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

இனி குழு ஆய்வு என்ற இந்தப் பழக்கத்தின் பலத்துக்கு வருகிறேன். தேடல் முடிவு என்பது எல்லோருக்கும் ஒன்றாகத் தெரியும் பொருள் இல்லை. இருக்கும் ஊர், கைப்பேசியின் மொழி அமைப்பு, கணக்கில் உள்நுழைந்திருப்பது, தேடும் நேரம் ஆகியவற்றுக்கேற்ப அது மாறக்கூடும். தனியாக உட்கார்ந்து தேடும் ஒருவரால் இந்த மாற்றத்தைப் பார்க்கவே முடியாது. தன் திரையில் வந்ததுதான் உலகத்துக்கே வருகிறது என்று நினைத்துக்கொள்வார். ஐந்து பேர் ஐந்து கைப்பேசியில் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் இட்டால்தான் அது கண்ணில் படும். குழுவுக்கு மட்டுமே கைகூடும் காரியம் இது. அத்தியாயப் பங்கீடு இந்த வாய்ப்பைத்தான் தூக்கி எறிகிறது.

பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2013இல் இதைத்தான் பெரிய அளவில் செய்தது. இணையம் வழியாக 200 பேரைத் திரட்டி, அவரவர் கணக்கிலிருந்து ஒரே தேடல்களைச் செய்யவைத்து, எதிலும் உள்நுழையாத கட்டுப்பாட்டுத் தேடல்களோடு ஒப்பிட்டார்கள். தனிப்பயனாக்கத்தால் மாறிய முடிவுகள் சராசரியாக 11.7 சதவீதம். அளவிடத்தக்க காரணங்களாக அவர்கள் கண்டவை, கணக்கில் உள்நுழைந்திருப்பதும் இருக்கும் இடமும்தான். ஒரு தேடல் முடிந்து சில நிமிடங்களுக்குள் அடுத்ததைச் செய்தால் முந்தையதன் சாயல் ஒட்டிக்கொள்கிறது என்பதால், தேடல்களுக்கிடையே 11 நிமிடம் காத்திருந்தார்கள். இந்தக் காத்திருப்பில் இருக்கிறது ஆராய்ச்சி. ஒரு பி.காம். மாணவர் இந்த 11 நிமிடத்தின் காரணத்தைத் தன் சொந்த வார்த்தையில் விளக்கிவிட்டால், அவர் கட்டுப்பாடு என்ற கருத்தைப் புரிந்துகொண்டுவிட்டார் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

நம் மாணவர்களுக்கு இதில் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. 'சர்க்கரை நோய்க்கு உணவு' என்று தமிழில் தேடுவதும் அதையே ஆங்கிலத்தில் தேடுவதும் ஒரே பக்கங்களைக் கொண்டுவருவதில்லை. இருபது கேள்விகளை எடுத்துக்கொண்டு, இரண்டு மொழியிலும் தேடி, முதல் பத்து முடிவுகளை ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதலாம்: எந்தத் தளம், யார் நடத்துவது, எழுதியவர் மருத்துவரா, தேதி இருக்கிறதா, விளம்பரம் எத்தனை. முடிவு ஒன்றை எந்த வகையில் சேர்ப்பது என்று இருவர் தனித்தனியே முடிவுசெய்து பிறகு ஒப்பிடும்போது சண்டை வரும். அந்தச் சண்டை குழுவுக்கு நல்லது. 'நம்பகமான தளம்' என்று நாம் எதைச் சொல்கிறோம் என்ற கேள்வி அங்கேதான் எழும். தனியாள் ஆய்வில் அந்தக் கேள்வி எழாமலே போய்விடும்.

கருத்து வேறுபாட்டைப் பயன்படுத்த போட்டி ஆணையத்தின் 2018 ஆணையும் நல்ல களம். பெரும்பான்மை உறுப்பினர்கள் சில விஷயங்களில் கூகுள் தன் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியது என்றார்கள்; முடிவுப் பக்கத்தில் விமானப் பயணத் தேடலுக்கென்று தனக்கே ஒரு கட்டம் ஒதுக்கிக்கொண்டது அவற்றில் ஒன்று. விளம்பர ஏலம் பற்றிய குற்றச்சாட்டை அவர்கள் ஏற்கவில்லை. இரண்டு உறுப்பினர்கள் மாறுபட்ட கருத்தையும் எழுதிவைத்திருக்கிறார்கள். டீமை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி பெரும்பான்மைக்கும் மறுபாதி மாறுபாட்டுக்கும் வாதாடட்டும். ஒரு வாரம் கழித்துப் பக்கம் மாறட்டும். 'நன்மைகள், தீமைகள்' என்ற தலைப்பில் ஆறு ஆறு வரி எழுதும் வழக்கத்துக்கு இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியவில்லை.

கூகுளே ஒரு மாணவர் கூட்டாய்வில் பிறந்ததுதான். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்ட மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் தங்கள் தேடுபொறியின் கட்டமைப்பை விவரிக்கும் கட்டுரையை வெளியிட்டார்கள். மாணவர் ரிப்போர்ட்டுகளில் அவர்கள் வாடகைக்கு எடுத்த கார் கொட்டகையும் முதல் லட்சம் டாலர் காசோலையும் தவறாமல் வரும். அந்தக் கட்டுரையின் பின்னிணைப்பு வராது. விளம்பர வருமானத்தில் நடக்கும் தேடுபொறி, பயனரின் தேவையை விட்டு விளம்பரதாரர் பக்கம் இயல்பாகவே சாயும் என்று அதில் எழுதியிருந்தார்கள். 'செல்லுலார் போன்' என்று தங்கள் சோதனைப் பொறியில் தேடினால், வண்டி ஓட்டும்போது போன் பேசுவதால் கவனம் எப்படிச் சிதறுகிறது என்ற ஆய்வு மேலே வந்தது. போன் விளம்பரங்களுக்குப் பணம் வாங்கும் பொறி அந்தப் பக்கத்தை முதலில் காட்டியதற்குத் தன் விளம்பரதாரர்களிடம் நியாயம் சொல்லத் திணறும் என்பது அவர்கள் காட்டிய உதாரணம். 2000இல் அதே நிறுவனம் ஆட்வேர்ட்ஸ் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. இந்தப் பின்னிணைப்பையும் மேத்தாவின் தீர்ப்பையும் ஒரே மேசையில் வைத்துப் படித்த குழுவுக்கு விமர்சனக் கண்ணோட்டத்தை வெளியிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

குழுவால் முடியாதவையும் இருக்கின்றன. ஐந்து கைப்பேசியில் இருபது தேடல்களை வைத்து 'கூகுள் பாரபட்சமானது' என்று எழுதிவிட முடியாது. வேறுபாடு தெரிந்தது என்று சொல்லலாம். அதன் காரணம் நிறுவனத்துக்குள் இருக்கிறது, வெளியிலிருந்து ஊகிக்கத்தான் முடியும். நல்ல அட்டவணை தயாரித்த குழுக்கள்கூட முடிவுரையில் இந்த எல்லையைத் தாண்டிவிடுவதுண்டு. காலம் இன்னொரு தடை. ஒரு செமஸ்டரில் பாதி, தலைப்பு ஒப்புதலிலேயே போய்விடுகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை மதிப்பீட்டில் இருக்கிறது, அது மாணவர்களுடையது இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள், பிறர் எழுத்தோடு பத்து சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. அதன் விளைவாகச் சொற்களை மாற்றிப் போட்டு சதவீதத்தைக் குறைப்பதே குழுவின் கடைசி வார வேலையாகிவிட்டது. ஒற்றுமையைக் கணக்கிடும் மென்பொருள், வாசகம் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கும். புதிதாக ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியவர் கைடு. அவரிடம் ஒரே நேரத்தில் பல டீம்கள் இருக்கின்றன. அறுபது எழுபது பக்க ரிப்போர்ட்டுகளை அவர் எப்படிப் படித்து முடிப்பார்? பக்க எண்ணிக்கையைப் பதினைந்தாகக் குறைத்து, கையால் எழுதிய தேடல் நோட்டை அதோடு சேர்த்துக் கேட்டால் அவரால் முழுவதையும் படிக்க முடியும். அந்த நோட்டை வைவா முடிந்ததும் மாணவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடாமல் துறையிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு டீமிடம் அதே இருபது கேள்விகளை மறுபடியும் தேடச் சொல்லலாம். தமிழில் தேடும் ஒருவருக்கு ஐந்து ஆண்டுகளில் என்னென்ன மாறியது என்ற பதிவு ஒரு மாவட்டக் கல்லூரியின் அலமாரியிலேயே சேர்ந்துவிடும்.